தண்ணீரில் கரையாத கிராஃபைட்டுக்குத் தண்ணீர் எதற்கு?

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் முனையை பிளேடால் லேசாகச் சுரண்டி, உதிரும் கருப்புப் பொடியைத் தண்ணீர்மேல் தூவுங்கள். பொடி கரையாது, அடியிலும் போகாது. மினுமினுத்துக்கொண்டு மேலேயே படர்ந்து நிற்கும். இப்போது ஓர் ஈர்க்குச்சியின் நுனியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தில் தொட்டு, அந்தத் தண்ணீரில் வையுங்கள். பொடி சட்டென்று ஓரத்துக்கு ஓடும். கொஞ்சம் கலக்கிவிட்டால் மெதுவாக மூழ்கத் தொடங்கும்.

கிராஃபைட் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் சுமார் 2.2 கிராம் இருக்கும். கணக்குப்படி அது மூழ்க வேண்டும். மரத்தை உரித்துவிட்டுப் பென்சில் கரியைத் துண்டாகப் போட்டால் மூழ்கவும் செய்கிறது. பொடி மட்டும் ஏன் மிதக்கிறது? தண்ணீர் அதை எளிதில் நனைப்பதில்லை. நனைக்காத நுண்ணிய துகளைத் தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தோல்போலத் தாங்கிக்கொள்கிறது. சோப்பு அந்தத் தோலைத் தளர்த்திவிடுகிறது. (கடைப் பென்சிலின் கரியில் மெழுகும் ஊறியிருக்கும், அதனால் இந்தக் குணம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். மெழுகு கலக்காத கிராஃபைட் பொடியும் இப்படித்தான் மிதக்கும்.)

"கிராஃபைட் நீரில் கரையாது" என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். தேர்வுக்கு அது போதும். ஆனால் கரையுமா என்பது ஒரு கேள்வி, நனையுமா என்பது இன்னொரு கேள்வி. சூடாக இருக்கும்போது வினைபுரியுமா, மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும், பக்கத்தில் இரும்பு இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விடை வரும். அவற்றில் ஒன்று என்னை மிகவும் வியக்கவைத்தது. கிராஃபைட்டின் பெயர்பெற்ற வழுவழுப்பு இருக்கிறதே, அது தண்ணீர் இல்லாவிட்டால் காணாமல் போய்விடும். அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தப் பொருளுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பெயரில் ஒரு பழைய குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டுப் போகலாம். இலங்கைத் தமிழில் கிராஃபைட்டைக் காரீயம் என்பார்கள். தமிழ்நாட்டில் காரீயம் என்றால் ஈய உலோகம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கார் என்றால் கருப்பு, கருப்பு ஈயம். ஐரோப்பாவிலும் இதே மயக்கம் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள பாரோடேல் பள்ளத்தாக்கில் இது கட்டி கட்டியாகக் கிடைத்தது. ஆடுகளுக்கு அடையாளம் போட அங்குள்ளவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். ஈயம்போலவே கோடு விழுந்ததால் ஒருவகை ஈயம் என்றே நம்பினார்கள். இது ஈயமில்லை, கார்பனின் ஒரு வடிவம் என்று 1779-இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர், 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்ற பெயரைக் கொடுத்தார்.

பிள்ளை பென்சில் முனையைக் கடித்துவிட்டதைப் பார்த்து "ஈயம், விஷம்" என்று பதறும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பென்சில் கரியில் ஈயம் சேர்ப்பதில்லை. கிராஃபைட் பொடியையும் களிமண்ணையும் பிசைந்து சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். 1795-இல் பிரெஞ்சுக்காரர் நிக்கோலா ழாக் கோந்தே கண்டுபிடித்த வழி இது. களிமண்ணைக் கூட்டினால் முனை கெட்டியாகும், கோடு வெளுக்கும். குறைத்தால் முனை மெத்தென்று இருக்கும், கோடு கருக்கும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? கார்பன் மட்டும்தான். வைரத்திலும் அதே கார்பன் மட்டும்தான். அடுக்கியிருக்கும் விதம் வேறு. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நாலு திசையிலும் நாலு அணுக்களைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையாத கட்டுமானம். கிராஃபைட்டில் ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களை மட்டும், ஒரே தளத்தில் பிடித்திருக்கிறது. அதனால் தேன்கூட்டுக் கண்களைப்போல அறுகோணங்களால் பின்னிய தட்டையான தகடுகள் உருவாகின்றன. அந்தத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தகட்டுக்குள் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர். ஒரு தகட்டுக்கும் மேலே உள்ள தகட்டுக்கும் இடையே 0.335 நானோமீட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். தகட்டுக்குள் பிடி இரும்புப்பிடி, தகடுகளுக்கு இடையே மிகப் பலவீனமான ஈர்ப்பு.

பச்சை அப்பளக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அப்பளமும் தனியாக உறுதியாக இருக்கும். கட்டைச் சற்றுச் சாய்த்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் காகிதத்தில் கோடு போடும்போது நடப்பது இதுதான். கட்டின் மேலிருந்து சில அடுக்குகள் கழன்று தாளின் நார்களில் படிந்துவிடுகின்றன. இந்த அப்பள உவமையை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தேவைப்படும். அடுக்கிலிருந்து ஒரே ஓர் அப்பளத்தை மட்டும் உரித்தெடுக்க முடியுமா என்று பலர் முயன்றார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் நாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்தே அதைச் செய்து 2004-இல் வெளியிட்டார்கள். ஓர் அணு தடிமனே உள்ள அந்தத் தகட்டின் பெயர் கிராஃபீன். 2010-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கார்பனுக்குப் பிணைப்பில் ஈடுபட நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. கிராஃபைட்டில் மூன்றுதான் பக்கத்து அணுக்களோடு கைகோத்திருக்கின்றன. நான்காவது எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் தகடு முழுவதும் உலவுகிறது. அதனால்தான் உலோகம் அல்லாத இந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்துகிறது, உலோகம்போல மினுக்குகிறது. தகட்டின் போக்கிலே மின்சாரம் நன்றாகப் பாயும். தகடு விட்டுத் தகடு தாவுவது கடினம். வெப்பமும் இப்படித்தான்.

அப்புறம், சூட்டைத் தாங்கும் சக்தி. சாதாரணக் காற்றழுத்தத்தில் கிராஃபைட் உருகாது. 3,600 டிகிரி செல்சியஸையும் தாண்டிய சூட்டில் நேரடியாக ஆவியாகும். தங்கம் 1,064 டிகிரியில் உருகிவிடும். அதனால் தங்கம், பித்தளை, எஃகு என எதை உருக்கவும் கிராஃபைட் கலந்த மூசைகள், அதாவது உருக்கும் பாத்திரங்கள், உதவுகின்றன. இரும்புத்துண்டுகளை மின்பொறியால் உருக்கும் பெரிய உலைகளில் ஆள் உயரத்தையும் தாண்டிய கிராஃபைட் தண்டுகள்தான் மின்வாய்கள். ஒரே ஒரு பகை காற்றிலுள்ள ஆக்சிஜன். சில நூறு டிகிரி தாண்டிச் சிவக்கச் சூடேறினால் கிராஃபைட் காற்றில் மெல்ல மெல்ல எரிந்து தேயும்.

இப்போது வழுவழுப்புக்கு வருவோம்.

வீட்டு மிக்ஸியைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் "கார்பன் பிரஷ் தேஞ்சுபோச்சு" என்று ஒரு சின்னக் கருப்புக் கட்டையை எடுத்துக் காட்டுவார். சுழலும் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோவது அந்தக் கட்டைதான். மின்சாரமும் கடத்த வேண்டும், சுழலும் செம்பைத் தேய்க்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்யும் பொருள் கிராஃபைட்போல வேறு ஒன்றைக் காண்பது அரிது. செம்பின்மேல் ஒரு மெல்லிய கரிப்படலம் படிந்து, அதன்மேல் கட்டை வழுக்கிக்கொண்டே ஓடுகிறது. வருடக்கணக்கில் உழைக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் முப்பதாயிரம் அடி உயரத்துக்குப் பறக்கத் தொடங்கியபோது ஒரு விசித்திரம் நடந்தது. அவற்றின் மின்னாக்கிகளில் இருந்த இதேமாதிரிக் கார்பன் பிரஷ்கள், தரையில் நீண்ட காலம் உழைத்தவை, மேலே போனதும் சில மணி நேரத்திலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தன. மேலே இருப்பது குளிர்ந்த, மெலிந்த காற்று. குளிர்தான் காரணமா, அழுத்தக் குறைவுதான் காரணமா? அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் சாவேஜ் என்பவர் கிராஃபைட்டை வெற்றிடத்தில் உராயவிட்டுப் பார்த்தார். அங்கே அது வழுக்கவில்லை. சொரசொரவென்று இழுத்துக்கொண்டு வேகமாகத் தேய்ந்தது. உள்ளே நீராவியைக் கொஞ்சம் விட்டதும் பழைய வழுவழுப்பு திரும்பிவிட்டது. 1948-இல் இதை வெளியிட்டார். உயரத்தில் காற்று மிக வறண்டது. கிராஃபைட்டுக்குக் கிடைக்காமல் போனது ஈரப்பதம்.

அதுவரை எல்லோரும் சொல்லிவந்த விளக்கம், நான் மேலே சொன்ன அப்பளக் கட்டு விளக்கம்தான். தகடுகளுக்கு இடையே பிடி குறைவு, ஆகவே வழுக்கும். அது மட்டுமே காரணமென்றால் வெற்றிடத்திலும் வழுக்கியிருக்க வேண்டும். விளக்கம் தப்பில்லை, ஆனால் பாதிதான். உராயும்போது தகடுகள் வழுக்குவதோடு நிற்பதில்லை, உடையவும் செய்கின்றன. உடைந்த ஓரத்தில் உள்ள கார்பன் அணுக்கள் துணையிழந்து, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும். வெற்றிடத்தில் அவை பக்கத்துத் துகளின் ஓரத்தையே பற்றிக்கொள்கின்றன. கட்டு முழுவதும் ஒட்டிப் பிணைகிறது, இழுத்தால் பிய்கிறது. காற்றில் நீராவி இருந்தால் நீர் மூலக்கூறுகள் அந்த ஓரங்களில் முதலில் போய் அமர்ந்துகொள்கின்றன. ஓரங்கள் அடங்கிவிடுகின்றன, துகள்கள் ஒன்றையொன்று பற்றுவதில்லை, தாராளமாக வழுக்குகின்றன.

அப்பளம் இடும் வீட்டில் பார்த்திருப்பீர்கள். இட்ட அப்பளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே மாவு தூவுவார்கள். கிராஃபைட் துகள்களுக்கு அந்த மாவு நீராவி. மிகக் கொஞ்சம் இருந்தால் போதும். நம் ஊர்க் காற்றில், அதிலும் கடலோரத்தில், அதற்குப் பஞ்சமே இல்லை. கிராஃபைட் பொடியைப் பூட்டின் சாவித் துவாரத்தில் தூவினால் இறுகிய பூட்டு இலகுவாவதற்குக் காரணம் இந்தக் கூட்டணிதான். எண்ணெய் விட்டால் தூசியும் வந்து ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும், கிராஃபைட்டில் அந்தத் தொல்லை இல்லை.

உயரப் பறக்கும் விமானங்களுக்காகப் பிரஷ்களில் வேறு சில சேர்மங்களைக் கலந்து சிக்கலைத் தீர்த்தார்கள். விண்கலத்தில் நீராவிக்கு எங்கே போவது? அங்கே உலர்ந்த மசகாகப் பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு பயன்படுகிறது. அதுவும் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனதுதான், பார்க்கவும் கிராஃபைட்போலவே கருப்பாக மினுங்கும். ஆனால் அதன் குணம் நேர் எதிர். வறட்சியில் நன்றாக வழுக்கும், ஈரப்பதம் பட்டால் கெடும்.

தண்ணீரில் கரையாத, நனைய மறுக்கிற ஒரு பொருளின் முக்கியமான குணம் தண்ணீரை நம்பி இருக்கிறது என்பது முரண்போலத் தோன்றும். தகட்டின் பரப்பு வேறு, ஓரம் வேறு என்று பிரித்துப் பார்த்தால் முரண் தீர்ந்துவிடும். பரப்பில் உள்ள அணுக்களுக்குக் குறை ஒன்றுமில்லை, அவை தண்ணீரை அதிகம் கண்டுகொள்வதில்லை. ஓரத்தில் உள்ளவைதான் தேடுகின்றன.

அந்தப் பரப்புகூட நாம் நினைத்த அளவுக்குத் தண்ணீரை வெறுப்பதில்லை என்பது 2013-இல் தெரியவந்தது. ஒரு பரப்பில் நீர்த்துளி எப்படி உட்கார்கிறது என்பதைத் தொடுகோணத்தால் அளப்பார்கள். தாமரை இலையில் உருண்டு நிற்கும் துளிக்குக் கோணம் மிக அதிகம், சுத்தமான கண்ணாடியில் பரவிவிடும் துளிக்கு மிகக் குறைவு. கிராஃபைட்டில் அது 90 டிகிரியை ஒட்டியது என்று பல பத்தாண்டுகளாக நம்பிவந்தார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராஃபைட்டைப் புதிதாக உரித்த சில நொடிகளுக்குள் அளந்தபோது 60-க்குச் சற்று மேலேதான் இருந்தது. நேரம் போகப் போகக் கோணம் ஏறியது. காரணம், காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் எப்போதும் மிதக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள். அவை கிராஃபைட்டில் படிந்து மெல்லிய போர்வை போட்டுவிடுகின்றன. அதுவரை பலரும் அளந்தது அந்தப் போர்வையைத்தான். அடிப்படையான ஓர் அளவு இவ்வளவு காலம் இப்படி மறைந்திருந்தது எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

நடைமுறையில் நம் கைக்கு வரும் கிராஃபைட் எல்லாம் அந்தப் போர்வையோடுதான் வருகிறது. அதனால் தண்ணீர் அதில் எளிதில் ஒட்டாது, எண்ணெய் நன்றாக ஒட்டும். இந்தக் குணத்தை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பெஸ்ஸல் சகோதரர்கள் 1877-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கிராஃபைட் கல்லை அரைத்துத் தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் குமிழி எழுப்பினால், கிராஃபைட் துகள்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே நுரையாக வந்துவிடும். நனைகிற மண்ணும் மணலும் அடியில் தங்கிவிடும். நுரையை வழித்தெடுத்தால் கிராஃபைட். இன்று செம்பு, ஈயம், துத்தநாகத் தாதுக்களுக்கெல்லாம் பயன்படும் நுரை மிதப்பு முறை தொழில் அளவில் முதன்முதலாகக் கிராஃபைட்டுக்குத்தான் வந்தது.

இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். சிவகங்கைக்கு அருகே பூமிக்கடியில் செதில் செதிலான கிராஃபைட் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் அதை வெட்டி எடுக்கிறது. அங்குள்ள கல்லில் சராசரியாகச் சுமார் 14 விழுக்காடுதான் கார்பன், மிச்சமெல்லாம் பாறை. அந்தக் கல்லை அரைத்து, மிதக்கவிட்டு, மறுபடி அரைத்து, மறுபடி மிதக்கவிட்டு 96 விழுக்காடு வரை சுத்தம் செய்கிறார்கள். வறண்ட பூமி என்று பெயரெடுத்த சிவகங்கையில், கிராஃபைட்டைப் பிரித்தெடுக்கத் தண்ணீர்தான் முதல் கருவி.

இலங்கையின் கதை வேறு. கேகாலை மாவட்டத்தின் போகலவிலும் குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது காரீயம். வெட்டி எடுக்கும்போதே 90 விழுக்காட்டுக்கும் மேல், சில இடங்களில் 99 விழுக்காட்டை நெருங்கும் அளவுக்குத் தூய்மை. இப்படி நரம்பாகக் கிடைக்கும் கிராஃபைட்டை வணிக அளவில் தோண்டும் நாடு உலகில் இலங்கை ஒன்றுதான். மூசை செய்ய அதற்கு ஈடில்லை என்று 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் கப்பல் கப்பலாக வாங்கின. இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தந்தை சொத்துச் சேர்த்ததும் காரீயத்தில்தான்.

கிராஃபைட்டைத் தண்ணீரில் மிதக்கவிடாமல், அடியில் படியவும் விடாமல், நடுவிலேயே கலந்து நிற்கவைக்க முடியுமா? செயற்கைக் கிராஃபைட் செய்யும் வழியை 1896-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் எட்வர்ட் அச்சீசன் இதற்கும் வழி கண்டார். அவர் சேர்த்தது டானின். கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அது டானினால் வருவது. டானின் கிராஃபைட் துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் தடுத்தது. அந்தக் கருப்பு நீருக்கு அக்வாடாக் என்று பெயர் வைத்தார். பழைய பெட்டி டிவிகளின் கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் கடத்தும் கருப்புப் பூச்சாகப் பூசப்பட்டது இந்த வகைக் கலவைதான்.

தகட்டின் வேதியியலையே மாற்றிவிடும் வழியும் உண்டு. வீரியமான அமிலங்களையும் ஆக்சிஜனேற்றிகளையும் கொண்டு தகடுகளில் ஆக்சிஜனை ஏற்றினால் கிராஃபைட் ஆக்சைடு கிடைக்கும். 1859-இலேயே பெஞ்சமின் பிராடி இதைச் செய்துவிட்டார். இது தண்ணீரை விரும்பும். தகடுகளுக்கு நடுவே தண்ணீரை உள்ளே இழுத்து, அடுக்குகளை விலக்கி, தனித்தனித் தகடுகளாகப் பிரிந்து கலந்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் வடிகட்டிகளுக்காக இந்தத் தகடுகளை ஆராய்கிறார்கள். ஆனால் மின்சாரம் கடத்தும் குணத்தைப் பெருமளவு இழந்துவிடும்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு பென்சில்களை இரு முனையும் சீவிக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைக் கரையுங்கள். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் பென்சில்களின் மேல்முனைகளோடு கம்பியால் இணைத்து, கீழ்முனைகளைத் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டிலும் குமிழிகள் கிளம்பும். எதிர்முனையில் ஹைட்ரஜன், நேர்முனையில் ஆக்சிஜன். எதிர்முனையில் குமிழி அதிகமாக வருவதைக் கவனியுங்கள், தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. சோடாவுக்குப் பதில் உப்பைப் போடாதீர்கள். உப்பென்றால் குளோரின் வாயு கிளம்பும், அது நெஞ்சுக்கு ஆகாது. இரும்பாணியை நேர்முனையில் வைத்தால் துருவாகக் கரைந்து தண்ணீரைப் பழுப்பாக்கும். கிராஃபைட் அவ்வளவு எளிதில் கரையாது. நெடுநேரம் விட்டால் நேர்முனைப் பென்சிலும் ஆக்சிஜனால் மெல்ல அரிக்கப்பட்டுக் கரித்தூளாக உதிரும்.

தண்ணீரில் கிராஃபைட் தனியாக இருந்தால் சாதுதான். பக்கத்தில் உலோகமும் இருந்தால் நிலைமை மாறும். ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும். அதில் கிராஃபைட் தப்பித்துக்கொள்ளும், உலோகம் அரிபடும். அதனால்தான் விமானங்களின் அலுமினியத் தகட்டில் பென்சிலால் அளவுக் கோடு போடக் கூடாது என்று பழுதுபார்ப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். கோடு போட்ட இடத்திலேயே அரிப்புத் தொடங்கிவிடும்.

இன்னும் விசித்திரமானது வார்ப்பிரும்பு. சாம்பல் நிற வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் பரவிக் கிடக்கும். அப்படிப்பட்ட குழாய் ஈரமண்ணில் பல ஆண்டுகள் புதைந்து கிடந்தால், இரும்பு மட்டும் கரைந்து வெளியேறி, கிராஃபைட்டும் துருவும் சேர்ந்த கூடு அதே வடிவத்தில் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் முழுசாக இருக்கும், அளவும் மாறாது. கத்தியால் கீறினால் வெண்ணெய்க்கட்டி போல வெட்டுப்படும். தண்ணீர் அழுத்தம் கூடும் ஒரு நாள் திடீரென உடையும். பழைய நகரங்களின் குடிநீர்க் குழாய்கள் முன்னறிவிப்பில்லாமல் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடுஞ்சூட்டில் கதை மறுபடி மாறுகிறது. சுமார் ஆயிரம் டிகிரியில் செந்தணலாகக் கொதிக்கும் கார்பன்மேல் நீராவி பட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் பிறக்கும். இரண்டும் எரியக்கூடியவை. முன்பு இதையே எரிவாயுவாகப் பல நகரங்களுக்குக் குழாயில் அனுப்பினார்கள்.

அணு உலைகளில் கிராஃபைட்டும் தண்ணீரும் சந்திக்கும் இடம் இதைவிட ஆழமானது. யுரேனியம் பிளந்து வெளிவரும் நியூட்ரான்கள் மிக வேகமானவை. அவற்றை மட்டுப்படுத்தினால்தான் தொடர்வினை நடக்கும். 1942 டிசம்பர் 2-ஆம் தேதி என்ரிகோ ஃபெர்மியின் குழு சிகாகோவில் உலகின் முதல் அணு உலையை இயக்கியபோது, அந்த வேலையைச் செய்தவை அடுக்கி வைத்த கிராஃபைட் கட்டைகள். செர்னோபிலில் இருந்த உலை வகையில் மட்டுப்படுத்த கிராஃபைட், குளிர்விக்கத் தண்ணீர். அந்த அமைப்பில் தண்ணீர் கொஞ்சம் நியூட்ரான்களை விழுங்கி வினையை அடக்கிவைத்தது. தண்ணீர் கொதித்து ஆவியாகிக் குறைந்தால் விழுங்க ஆளில்லை. கிராஃபைட்டோ தன் வேலையைத் தொடர்ந்து செய்யும், ஆற்றல் ஏறும். ஆற்றல் ஏற ஏற இன்னும் ஆவி. கட்டுப்பாட்டுத் தண்டுகளின் கீழேயும் கிராஃபைட் பகுதி இருந்தது. தண்டை இறக்கியதும் அது தண்ணீரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வினையைக் கூட்டியது. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் நடந்த வெடிப்புக்கு இந்த அமைப்பும் காரணம். கூடங்குளத்தில் மட்டுப்படுத்துவதும் குளிர்விப்பதும் சாதாரணத் தண்ணீரே. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் கனநீர், அதாவது கனமான வகை ஹைட்ரஜன் சேர்ந்த தண்ணீர். இரண்டு இடத்திலும் இந்த வேலைக்குக் கிராஃபைட் இல்லை.

இன்று கிராஃபைட்டுக்கு உலகெங்கும் இருக்கும் கிராக்கி பேட்டரிக்காக. உங்கள் கைப்பேசி பேட்டரியின் எதிர்முனை பெரும்பாலும் கிராஃபைட்தான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் தகடுகளுக்கு நடுவே புகுந்து உட்கார்கின்றன, ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில். பயன்படுத்தும்போது வெளியேறுகின்றன. ஒரு மின்சாரக் காருக்கு இப்படிப் பல பத்துக் கிலோ கிராஃபைட் வேண்டும். இங்கே மட்டும் தண்ணீர் அறவே கூடாது. லித்தியம் ஏறிய கிராஃபைட்டில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனும் சூடும் கிளம்பும். அதனால் பேட்டரி ஆலைகளில் காற்றின் ஈரத்தைக்கூட உறிஞ்சி எடுத்த தனி அறைகளில்தான் செல்களை அடைக்கிறார்கள்.

கடைசியாக எழுதுகோலுக்கே வருகிறேன். மழையில் நனைந்த நோட்டில் மை கலங்கிப்போகும், பென்சில் எழுத்து அப்படியே இருக்கும். கரையவும் செய்யாது, வெளுக்கவும் செய்யாது. காட்டில் பறவைக் கணக்கு எடுப்பவர்கள் நோட்டில் பென்சிலால் எழுதுகிறார்கள். முக்குளிப்பவர்கள் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதிக் கடலுக்கடியில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். அருங்காட்சியகங்களில் மீனையும் தவளையையும் சாராயத்தில் ஊறப்போட்டு வைத்திருக்கும் கண்ணாடிப் புட்டிகளைப் பார்த்தால், உள்ளே அந்தத் திரவத்திலேயே ஒரு சின்னச் சீட்டு மிதக்கும். எந்த ஆற்றில், எந்தத் தேதியில் பிடித்தது என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பென்சிலால் எழுதிப் போட்டது. இன்றும் படிக்க முடிகிறது.